ஏழாவது வரி

என் வீட்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தகர போர்டு சாய்ந்து நிற்கிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து. மேலே ‘எல்லா எழுத்து வேலைகளும் செய்து தரப்படும்’ என்று தலைப்பு, கீழே பதினொரு வரிகள். எழுதி மாட்டிய இரண்டே மாதத்தில் ஏழாவது வரியின் மேல் நீலம் பூசி மறைத்தாயிற்று. எழுதியவரும் மறைத்தவரும் ஒரே ஆள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் எல்லோரும் அவரை ஆர்ட்டிஸ்ட் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல்மில் ஆபீசில் இருந்தேன். முதலாளியின் மேடைப் பேச்சு, மானேஜரின் மன்னிப்புக் கடிதம், ஓய்வு பெறுகிறவர்களுக்கு வாழ்த்து மடல் எல்லாம் என் கையெழுத்தில்தான் முதலில் பிறக்கும். கைதட்டல் மட்டும் வேறு ஆளுக்குப் போகும். இதையே சொந்தமாகச் செய்தால் என்ன என்று ஒரு ஆடி மாதத்தில் வேலையை விட்டேன். ஆடியில் யாராவது தொழில் தொடங்குவார்களா என்று சிரிக்காதவர்கள் இல்லை. என் மனைவி சிரிக்கவில்லை. “தை வரைக்கும் பாருங்க. ஒண்ணும் தேறலேன்னா பேசாம மில்லுக்கே போயிருங்க” என்றாள். மானேஜரும் அதுவரை என் நாற்காலியில் ஆள் போடுவதில்லை என்று சொல்லியிருந்தார். அந்தப் பெருந்தன்மைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த நாற்காலியில் திரும்பப் போய் உட்காரும் காட்சியை நினைத்தாலே உடம்பு கூசும்.

ராஜபாளையத்தில் என்னை மில் கிளார்க்காகவே பார்ப்பார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய அறை பிடித்தேன். தினமும் பஸ்ஸில் போகும்போது ஒரு நோட்டில் பட்டியல் போடுவேன். மனு, கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், மேடைப் பேச்சு, துபாய்க்குக் கடிதம், பால்கோவா டப்பாவில் போடும் வாசகம் என்று ஆறு ஆயின. ஏழாவதாகக் கருமாதிப் பத்திரிகை. அப்புறம் இன்னும் நான்கு. எதை விடுவது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. வலையை அகலமாக வீசினால் மீன் அதிகம் விழும் என்ற கணக்கு எனக்கு.

ஆர்ட்டிஸ்ட் என் வயதுக்காரர். சுண்ணாம்பில் தோய்த்த நூலைத் தகரத்தின் மேல் சுண்டிக் கோடு போட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்துக்கொண்டே எழுதுவார். ஏழாவது வரியில் பிரஷ் நின்றது. “இதும் வேணுமா அண்ணாச்சி?” என்றார். சாவு விழாத தெரு எது என்று நான் மேதாவியாகத் திருப்பிக் கேட்டேன். பிரஷ் கையில் இருக்கும்போது அவர் யாரோடும் வாதாடுவதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

புரட்டாசியில் போர்டு ஏறியது. மனு எழுத நாலைந்து பேர் வந்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் ஒருவரும் இல்லை. கார்த்திகையில், தைக் கல்யாணங்களுக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த நேரத்தில், சோழபுரத்து விவசாயி ஒருவர் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளோடு வாசலுக்கு வந்தார். போர்டை மேலிருந்து விரலோட்டிப் படித்தவர் பாதியில் நிறுத்தி, தாளை மடித்து மடியில் செருகினார். “செத்த நேரத்துல வாரேன்” என்று போனவர் வரவேயில்லை.

எதிர்க் கடைக்கு எழுதிக்கொண்டிருந்த ஆர்ட்டிஸ்ட் இதைப் பார்த்துவிட்டு பிரஷைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “மக கல்யாணத்துக்கு எழுத வாரவன் கண்ணு முன்னால கருமாதியத் தொங்கவிட்டா நிப்பானா அண்ணாச்சி? கருமாதிப் பத்திரிகைய வாசிச்ச கையோட கிழிச்சுப் போடுத ஊரு இது.”

“பிரஸ்ல ரெண்டையும் ஒரே மிஷின்லதான அடிக்காக?”

“அடிக்காக. வாசல்ல எழுதிப் போடலயே. மறைச்சிருவோம். பொறவு ஆரும் கேட்டு வந்தா உள்ள கூப்பிட்டு எழுதிக் குடுங்க.”

அன்றே நீலம் பூசினார். அடுத்த வாரம் முதல் மஞ்சள் தாள்கள் வந்தன. தைக்குள் தலை நிமிர முடியாத அளவுக்கு வேலை. மில் நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட அன்று மனைவிக்குப் பால்கோவா வாங்கிப் போனேன். ஆனால் கல்யாணக்காரர்கள் மறுபடி வாசலோடு திரும்பிவிடுவார்களோ என்ற பயம் போகவில்லை. ஆர்ட்டிஸ்ட் வாசலில்தான் மறைக்கச் சொன்னார். நான் தொழிலிலிருந்தே எடுத்துவிட்டேன். கருமாதிக்கு யார் கேட்டாலும் பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். எதை எழுதமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவன்தான் தொழில்காரன் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

சில வருடங்கள் கழித்து, தை மாதத் தொடக்கத்தில் ஆர்ட்டிஸ்ட் நெஞ்சுவலியில் இறந்துபோனார். சுடுகாடு வரை போய் வந்தேன். பத்தாம் நாள் அவருடைய மனைவி வந்தார். மேஜையில் மஞ்சள் தாள்கள், பெஞ்சில் கல்யாணப் பத்திரிகைக்கு வந்த சம்பந்தி வீட்டார் இருவர். அந்தம்மா உள்ளே வராமல் படியிலேயே நின்று, “அவியளுக்கு ஒரு பத்திரிகை எழுதணும் அண்ணாச்சி” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்து படிக்குப் போய், அது நான் எழுதுவதில்லை, பிரஸ்ஸில் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள் என்று தணிந்த குரலில் சொன்னேன்.

அவருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். “அடியில இருக்குன்னு அவிய சொன்னாகளே. மேல மட்டும்தான் பூசியிருக்கேன், ஆரும் கேட்டா அண்ணாச்சி எழுதிக் குடுப்பாகன்னு” என்றார். படியிறங்கிப் போனார். நான் திரும்பி வந்து மணமகளின் தாய்மாமன் பெயரைக் கேட்டு எழுதினேன்.

நாலைந்து நாளில் பத்திரிகை வந்தது. பிரஸ்ஸில் எப்போதும் வைத்திருக்கும் வாசகம், பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். அவர் என்ன செய்தவர் என்று ஒரு சொல் இல்லை. வாசித்துவிட்டு வழக்கப்படி கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

இப்போது நான் யாருக்கும் எழுதுவதில்லை. போன மாதம் அறையைக் காலி செய்து போர்டை இறக்கினேன். இத்தனை வருட வெயிலில் மற்ற பத்து வரிகளும் வெளிறி, கண்ணுக்கு அருகில் வைத்தால்தான் படிக்க முடிகிறது. ஏழாவது வரியின் மேலிருந்த நீலம் மட்டும் இறக்கும்போது கை பட்டுச் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. அடியில் இருந்த எழுத்தில் வெயில் பட்டதே இல்லை, நேற்று எழுதியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. ‘கருமாதிப் பத்திரிகை.’ இந்தக் கடைத்தெருவில் நீங்கள் வாசிக்கும் பெயர்களில் பாதி இவர் கையால் எழுதியவை என்று அவருடைய பத்திரிகையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எனக்கு அது ஐந்து நிமிட வேலை.