இளவரசனின் பவளமாலை

என்னைவிடப் பெரிய முட்டாள் டென்மார்க்கில் கிடைப்பது கடினம். வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மே மாதம் அது. அங்கே அகப்பட்டிருந்த தன் தங்கையும் அவளுடைய பெண்குழந்தையும் என்ன ஆனார்களென்று பன்னிரண்டு நாளாய்த் தெரியாமல், போனும் கையுமாக இருந்தாள் என் மனைவி. மனம் மாறட்டுமென்று அவளை ஓர் அரண்மனைக்கு ஓவியம் பார்க்கக் கூட்டிப்போனேன். கைப்பைக்கு அனுமதியில்லை என்றதும் போனையும் சேர்த்து லொக்கரில் பூட்டி, திறப்பை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நானூறு வருடப் பழைய அரசகுழந்தை ஒன்று பட்டுப்பாவாடையும் பவளமாலையுமாக எங்களைப் பார்த்தது.

“இஞ்ச பாரும், உம்மட தங்கச்சியின்ர பெட்டை மாதிரியே முழிக்குது!”

அது இளவரசன் என்றார் காவலுக்கு நின்ற பெண். அந்தக் காலத்தில் ஆண்குழந்தைகளுக்கும் பாவாடைதானாம்; பவளம் நாவூறு கண்ணூறு படாமலிருக்கவாம்.

“எங்கட கறுப்புப் பொட்டுத்தான்!” என்று நான் மட்டும் சிரித்தேன்.

மனைவி படத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. “பிள்ளை தப்பினதோ?”

காவல்காரப் பெண்ணிடம் கேட்டேன். மூன்று வயதில் இறந்துவிட்டதாக டேனிஷில் சொன்னார்.

“வளர்ந்து ராசாவானவனாம்,” என்று மொழிபெயர்த்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அவளுக்கு என்னைவிட நன்றாக டேனிஷ் தெரியுமென்பது பிறகுதான் உறைத்தது.

அவள் கையை நீட்டினாள்.

“லொக்கர் திறப்பைத் தாங்கோ.”