யமுனாவை வரைந்த டாக்டர்

டாக்டர் பிரபாகர் இறந்துவிட்டார்.

அவரிடம் ஓவியம் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி காலையில் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். படித்ததிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை...

திருப்பதியில் பலருக்கு அவர் டிராயிங் மாஸ்டர். எனக்குக் குழந்தைகள் டாக்டர்.

நகரியில் எங்கள் பவர்லூம் நின்றுபோன வருஷம் என் வீட்டுக்காரர் குவைத் போனார். அப்போது நான் ஐந்து மாத கர்ப்பம். யமுனா பிறந்ததும், கடிதத்துக்குக் கடிதம் போட்டோ கேட்டார்.

மாமியார் விடவில்லை. "சின்னக் கொழந்தைய போட்டோ புடிச்சா ஆயுசு கொறைஞ்சிடும்மே. ஒரு வயசு ஆவட்டும்."

பதினோராம் மாதம் மூளைக்காய்ச்சல். திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்பது நாள் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். பத்தாம் நாள் காலை போய்விட்டாள்.

டாக்டர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அவங்க நைனா இன்னும் அவ மூஞ்சியே பாக்கல சார். நான் இன்னா சொல்லுவேன்?"



சில மாதம் கழித்து நகரிக்கு எங்கள் வீடு தேடி வந்தார். கையில் ஒரு நோட்டு. அதில் பென்சிலில் ஒரு குழந்தை.

"இவ இல்ல சார்" என்றேன்.

"தெரியும்மா. எனக்கு வரைய வராது. இப்பதான் ஒரு மாஸ்டர்கிட்ட கத்துக்கினு இருக்கேன். மூக்கு எப்டி இருந்துச்சி, சொல்லு."

அப்படி எத்தனை தடவை வந்தார்... ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே சொன்னேன். பாவம், நானும் பொய் சொல்லியிருக்கலாம்.

நடுவில் கிளினிக்கை மூடிவிட்டார். டாக்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அமெரிக்காவிலிருந்து மகன் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனான்.

"என்னாலயா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. யாராச்சும் காய்ச்சலோட கொழந்தைய தூக்கிக்கினு வந்தா எனக்கு பயமா இருக்குது. பயப்படற டாக்டர் எதுக்கு?"

நாலாம் வருஷம் கொண்டுவந்த படத்தில் யமுனா இருந்தாள். இடது காது மடல் கொஞ்சம் மடங்கி... அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அந்த வருஷம்தான் வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்தது. பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் படத்தின் முன் நின்றார்.

"இவளா மே?"

"இவதான்."

அன்று முழுக்க அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சோறும் தின்னவில்லை.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது டாக்டரும். யமுனாவைப் பார்த்தவர் என்று உட்கார்ந்து பேச எனக்கு இனி ஆளே இல்லை. யாரிடம் போய்ப் பேசுவேன்...

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். பஸ் ரேணிகுண்டாவில் நெரிசலில் நிற்கிறது. அங்கே இருப்பவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பொறுங்க சார். வந்துக்கினே இருக்கேன்.