குஞ்சுகளுக்கு விரித்த காகிதம்

விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பக்கத்து அறை வெடித்துச் சிதறிய அன்றே இசைவாணி அங்கே வேலையை விட்டாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு குக்கர் விசில் அடித்தாலே வாசலுக்கு ஓடினாள். கணவன் சங்கிலிமுத்து மட்டும் அங்கேயே போய்வந்தான். வேறு வேலை அமையவில்லை.

வீட்டோடு இருந்து பிழைக்க நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினாள். ஐப்பசி ஈரத்தில் வெளியே விட முடியாது. அறை மூலையில் அட்டையை வளைத்து வைத்து, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். சிமெண்டுத் தரை சில்லிட்டது. பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து அதன்மேல் செய்தித்தாள் போட்டாள். தாள் வழுக்கியது. குஞ்சுகள் கால் பரப்பி விழுந்தன. ஒன்று அப்புறம் எழவே இல்லை.

"கொஞ்சம் உமி கெடைக்குமான்னு பாருங்க," என்றாள் கணவனிடம்.

அவன் நறுக்கிய காகிதம் ஒரு மூட்டை கொண்டுவந்தான். "உமிக்கு எங்கன அலைய? கம்பெனியில கழிச்சுப் போட்டது. மெத்தை கணக்கா இருக்கு பாரு."

மெத்தென்றுதான் இருந்தது. அன்று குஞ்சுகள் வழுக்காமல் ஓடின.

மறுநாள் மத்தியானம் மகள் பிரீத்திகா அட்டைக்குள் கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்தாள். "அம்மா, இங்கன பாரேன். வெள்ளிக் கொலுசு போட்டிருக்கு."

இசைவாணி அதன் காலைத் தடவினாள். விரலில் சாம்பல் நிறப் பொடி மினுங்கியது. பல வருடம் அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பொடிதான், அலுமினியத் தூள். மேலே பல்பு தகித்தது. கீழே தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து காகிதம் ஊறிக் கிடந்தது. வெடிமருந்து கலந்த தூள் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்பது அவளுக்குத் தெரியும்.

"பிரீத்தி, மெதுவா எந்திரி. காலத் தேய்க்காத. வெளிய வேப்பமரத்துக்கிட்ட போயி நில்லு."

"ஏம்மா?"

"போடின்னா போ!"

வாசலில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். அப்படியே ஓடிவிடத்தான் தோன்றியது. உள்ளே குஞ்சுகள் கத்தின. திரும்பிப் போய் அவற்றைக் கூடையில் அள்ளி வெளியே வைத்தாள். பிறகு பேனரின் நான்கு முனைகளையும் கூட்டிப் பிடித்து, எங்கும் உரசாமல் தூக்கிக்கொண்டு நடந்தாள். நனைந்த பக்கம் வெதுவெதுப்பாகக் கையில் பட்டது. பல்பின் சூடா, உள்ளே கிளம்பும் சூடா என்று தெரியவில்லை. காலி நிலத்தில் இறக்கிவிட்டு ஓடி வந்தாள்.

புகைகூட வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் வரை அந்தப் பக்கம் ஒருவரையும் விடாமல் காவல் நின்றாள்.

"இம்புட்டுக்கா பயந்த?" என்றான் வேலை முடிந்து வந்த சங்கிலிமுத்து. "தரையில கூட்டி வச்சிருந்ததத்தான் அள்ளுனேன்."

"எந்தத் தரையில? மருந்து ரூமுலயா?"

அவன் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டத் திரும்பினான்.

"அதப் போயி வண்டியில காலுக்கு நடுவுல வச்சா கொண்டாந்தீக?"

கேட்டுக்கொண்டே அவன் சட்டையைப் பார்த்தாள். காலரிலும் மடித்துவிட்ட கையிலும் அதே மினுக்கம். இந்தச் சட்டையோடுதான் அவன் தினமும் பிள்ளையைத் தூக்கினான். அவளும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்து அடுப்புப் பற்றவைத்தாள்.

மறுநாள் சங்கிலிமுத்து தகவல் சொல்லி, கம்பெனி ஃபோர்மேன் ஆளோடு வந்து காகிதத்தை எடுத்துப் போனார். "வெளிய பேச வேண்டாம்மா," என்றார். இசைவாணி அரிசி மில்லுக்குப் போய் உமி வாங்கி வந்தாள். வேறொரு பேனர், அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் உமி. ஈரம் பட்ட இடத்தை உடனே அள்ளி மாற்றுகிறாள்.

சங்கிலிமுத்து இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துணி மாற்றிக் குளித்த பிறகுதான் உள்ளே வருகிறான். அவன் வருகிற வரைக்கும் அவள் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனி இருக்கும் திசையில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.