உள்ளே போகாத பிஸ்டன்

அறுபதுகளின் நடுவில் நானும் என் மனைவியின் தமையனும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினோம். இருவரும் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள். வாய்க்கால் கரையில் அடுத்தடுத்த காணி. வயலில் வேலையில்லாத மாதங்களில் காரை வாடகைக்கு ஓட்டலாம் என்பது மச்சானின் யோசனை. எங்கள் பக்கத்தில் ஓடிய மற்றக் கார்களிலிருந்து இது வேறு மாதிரி. முன் சக்கரங்களில் ஒரு இரும்புத் தட்டு சுழலும். கலிப்பர் என்ற சாமான் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தும். விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார். பழுது வந்தால் யாரிடம் போவது என்று நாங்கள் கேட்கவில்லை.

பழுது வந்தது என் மைத்துனியின் கலியாண எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, முதல் நாள். யாழ்ப்பாணத்தில் மாமியும் மைத்துனியும் மட்டும் இருக்கிற, தகப்பன் இல்லாத வீடு. மூத்தவர் மச்சான் போய் நின்று சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன் வந்துவிடுவார்கள். காரோ பிறேக்கை மிதித்தால் அரத்தில் தகரம் தேய்க்கிற சத்தம் போட்டது. தட்டை உரசிப் பிடிக்கிற பிறேக் கட்டைகள் தேய்ந்து தகடாகிவிட்டன. நல்ல வேளையாகப் புதுக் கட்டைகள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம். "கழட்டிப் போட்டுப் புதுசைச் செருகிறதுதானே, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்" என்றார் மச்சான்.

சக்கரத்தைக் கழற்றினோம். பழைய கட்டைகள் சுலபமாக வந்தன. புதியவை உள்ளே போகவில்லை. கட்டை தேயத் தேய, அதைத் தள்ளுகிற பிஸ்டன்கள் இரண்டும் வெளியே நகர்ந்து வந்து அந்த இடத்தை அடைத்துவிட்டிருந்தன. அவற்றைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். அசையவில்லை. ரயர் கழற்றுகிற லீவரைக் கொடுத்து நெம்பினேன். என் பக்கத்துப் பிஸ்டன் மெல்ல உள்ளே போனது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

"என்ன மச்சான் செய்யிறாய்? இஞ்சாலை வெளியிலை வருது" என்றார் மறுபக்கத்தில் குந்தியிருந்த மச்சான்.

அவர் தன் பக்கத்தை ஸ்குரூடிரைவரால் அமத்தினார். இரண்டுக்கும் பின்னால் ஒரே பிறேக் எண்ணெய், என்னுடையது வெளியே வந்தது. நான் அமத்தினேன், அவருடையது வந்தது. வெயில் உச்சிக்கு ஏறும் வரை இதுதான் நடந்தது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்து அமத்தினோம். இரண்டும் கொஞ்சம் உள்ளே போயின. ஆனால் அதற்குள்ளிருந்த எண்ணெய் போக இடமில்லாமல் மேலே இருந்த பிறேக் எண்ணெய்க் குப்பியின் மூடியால் பொங்கி மட்கார்டில் வழிந்தது. துடைத்தபோது துணியோடு நீலப் பெயின்ற்றும் சேர்ந்து வந்தது. அதற்குள் ஒருவர் பிடி தளர, அவர் பக்கத்துப் பிஸ்டன் பழையபடி வெளியே வந்துவிட்டது.

"கட்டையை அரத்தாலை தேய்ச்சு மெலிசாக்குவம்" என்றார் மச்சான்.

"புதுக் கட்டையைத் தேய்ச்சுப் பழசாக்கிறதுக்கோ வாங்கினனாங்கள்?"

"அப்ப நீ வேறை வழி சொல்லு."

என்னிடம் ஒரு வழி இருந்தது. திருகி நெரிக்கிற கருவி ஏதாவது வேண்டும். குசினி மேசையில் அப்படி ஒன்று பூட்டியிருந்தது. கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் திருவுகிற திருவலை. அதன் அடியில், மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கத் திருகு வைத்த இரும்பு வாய் இருக்கும். மனைவி கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தேன். வாயின் ஒரு தாடையைப் பிஸ்டன் மேல் வைத்து, திருகைக் கலிப்பருக்கு வெளியே கொடுத்து முறுக்கினேன். பிஸ்டன் அசைந்தது. இன்னும் முறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். திருவலையின் தாடை இரண்டு துண்டாக என் காலடியில் விழுந்தது.

மனைவி வந்து துண்டுகளைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"இரவைக்கு என்னத்தைப் போட்டுப் புட்டு அவிக்கிறது?"

நான் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவ மச்சான் பக்கம் திரும்பினா.

"அண்ணை, நீங்களாவது சொல்லக் கூடாதோ?"

"நான் அரத்தாலை தேய்ப்பம் எண்டுதான் சொன்னனான்" என்றார் மச்சான்.

அன்றிரவு தேங்காய்ப் பூ இல்லாத புட்டைத் தின்றோம்.

விடிய மச்சான் வந்தார். பழைய கட்டைகளையே திரும்பப் போட்டுக்கொண்டு, சத்தத்தோடு மெல்ல மெல்லப் போய்ச் சேருவோம் என்றார். ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் வரை இந்தச் சத்தத்தோடா என்று கேட்டேன். அவர் தன் பக்கத்துப் பழைய கட்டையைச் செருகினார். நான் கோபத்தில், இன்னும் ஒருக்கால் பார்ப்போம் என்று என் பக்கத்தில் லீவரைக் கொடுத்து முழுப் பலத்தோடும் நெம்பினேன். பிஸ்டன் உள்ளே போனது. மறுபக்கத்துப் பிஸ்டனைப் பழைய கட்டை வெளியே வர விடாமல் மறித்துக்கொண்டது. கையை எடுத்தேன். அப்படியே நின்றது.

நேற்று முழுவதும் எங்களுக்கு இது தோன்றவில்லை. இரண்டு வளர்ந்த மனிதர்கள், ஒரு பகல் முழுக்க, ஒரு திருவலையையும் உடைத்து.

ஒரு பக்கத்தை மறித்துவிட்டு மறுபக்கத்தைத் தள்ளி, இரண்டு சக்கரத்துக்கும் புதுக் கட்டை போட்டு முடித்தோம். குளித்தோம், வேட்டி மாற்றினோம். மச்சான் முன்னால் ஏற, மனைவி கூறைப்பட்டு உடுத்துப் பலகாரப் பெட்டியோடு பின்னால் ஏறினா. எங்கள் முற்றம் வாய்க்கால் பக்கம் சரிவு. கார் இறங்கத் தொடங்கியதும் பிறேக்கை மிதித்தேன். என் கால் எதிலும் தடைபடாமல் தரை வரைக்கும் போனது. திரும்ப மிதிக்கிற நிதானம் எனக்கு இருக்கவில்லை. கைப் பிறேக்கை இழுப்பதற்குள் கார் வைக்கோல் போருக்குள் தலையைக் கொடுத்து நின்றது.

மனைவி தலையிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு இறங்கினா. "அண்ணை, வாங்கோ. பஸ் வரப் போகுது."

இருவரும் திரும்பிப் பார்க்காமல் றோட்டுக்கு நடந்தார்கள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். கார் மீது, விற்றவர் மீது, மச்சான் மீது, எல்லார் மீதும் ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் பிறேக்கை ஓங்கி ஓங்கி மிதித்தேன். நாலைந்து மிதிக்குப் பிறகு அது கல்லுப் போல் இறுகி நின்றது. உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் திரும்ப வந்து கட்டையைத் தொடும் வரைக்கும் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். பிறேக்கில் ஒரு பிழையும் இல்லை.

காரைப் பின்னுக்கு எடுத்து, வீட்டு வளவைச் சுற்றி ஓடி, நிறுத்தி, ஓடி, நிறுத்திப் பார்த்தேன். பிறகு பஸ்ஸைத் துரத்தினேன். பரந்தன் சந்தியில் அது ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. யன்னலடிக்குப் போனேன்.

"இறங்கி வாங்கோ. இப்ப நல்லாப் பிடிக்குது."

மச்சான் தலையை நீட்டி மட்கார்டில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தார். "முந்தியும் நல்லாப் பிடிக்கும் எண்டுதானே ஏத்தினாய்?"

"இதிலை வந்து நிப்பாட்டினனான்தானே."

"நாங்கள் பஸ்ஸிலையே வாறம்" என்றா மனைவி. பஸ் புறப்பட்டது.

நான் தனியே அந்த நாலு பேர் இருக்கக்கூடிய காரை ஓட்டிக்கொண்டு, பஸ் கிளப்பிய புழுதிக்குள் ஆனையிறவு கடந்து போனேன். முந்திப் போகலாம், ஆனால் முந்திப் போய் மாமியிடம் தனியே என்ன சொல்வது?

எழுத்து நேரத்துக்கு நடந்தது. மச்சான் கையெழுத்து வைத்தார். மாமி மட்டும், ஒரு வீட்டுச் சனம் ஏன் இரண்டு வாகனத்தில் வந்தது என்று மூன்று பேரிடமும் தனித்தனியே கேட்டா. மூன்று பேரும் மூன்று மறுமொழி சொன்னோம்.

திரும்பி வருகையில் மனைவியும் மச்சானும் காரில்தான் வந்தார்கள். பஸ் இல்லாத நேரம் அது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பின் ஆசனத்திலிருந்து மனைவியின் குரல் வரும்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா மிதிச்சுப் பாருங்கோ."

மிதித்தேன். கிளிநொச்சி வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தேன்.