போர்க்காலத்தில் ஒரு நட்புறவுப் பேருரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு, ஐப்பசித் திங்கள். அப்போது இராமநாதபுரத்தில் நாங்கள் சிலர் கூடி, பன்னாட்டு அரசியலைப் பற்றித் திங்கள்தோறும் ஒரு பொதுப் பேருரை நடத்திவந்தோம். அறிஞரை அழைப்பது முதல் மேடைக்கு நாற்காலி போடுவது வரை யாவும் என் பொறுப்பு. அந்தத் திங்களின் தலைப்பு ‘சீனமும் நாமும்: நட்புறவின் எதிர்காலம்’. ஆவணியிலேயே முடிவுசெய்து சுவரொட்டியும் அச்சிட்டு ஒட்டிவிட்டோம். கூட்டத்துக்குச் சில நாள் இருக்கையில் வட எல்லையில் போர் மூண்டது.

பேச ஒப்புக்கொண்டிருந்த சென்னைப் பேராசிரியர் அதற்குள் தென்மாவட்டச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். நான் கொடுத்த தந்தி அவரைச் சென்றடையவில்லை. கூட்ட நாள் காலையில் பார்த்தால் எங்கள் சுவரொட்டிகளின்மேல் சாணம் அப்பியிருந்தது. காவல்துறை அலுவலர் ஒருவர் வீடு தேடி வந்து, நிறுத்திவிடுவதே நல்லது என்று சொல்லிப் போனார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம்பி வருகிற மனிதர்மீது ஒரு கல் விழுந்தாலும் நான்தானே விடை சொல்ல வேண்டும்? ‘இன்று கூட்டம் இல்லை’ என்று எழுதிய தாளை வாயிலில் ஒட்டுவதற்காக, நண்பகலில் கூட்டம் நடக்கவிருந்த பள்ளி வளாகத்துக்குச் சென்றேன்.

அந்த வெயிலில் முன்வரிசையில் ஒருவர் தன்னந்தனியாக அமர்ந்திருந்தார். உச்சிப்புளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த உழவர். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“சீனாக்காரனைப் பத்தித் தெரிஞ்சவரு வாராராம்ல?”

“வருகிறார். ஆனால் கூட்டம் நடப்பது…”

“எம் மகன் பட்டாளத்துல அந்த மலையிலதான் கெடக்கான். தபால் நின்னுபோச்சு. ஊருல எவனைக் கேட்டாலும் நல்லாருப்பான், நல்லாருப்பான்ங்கிறான். அந்த மலை எங்கன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியலை. நிப்பாட்டிராதீகய்யா.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சரியாகத்தான் செய்தேனா என்ற கேள்வி மாலை வரை என்னை அரித்தது. தொடர்வண்டியில் வந்திறங்கிய பேராசிரியரிடம் தலைப்பையாவது மாற்றலாமே என்று மன்றாடினேன். அவர் இசையவில்லை.

என்றும் காணாத கூட்டம். நான் தலைப்பை அறிவித்ததுதான் தாமதம்.

“ஏலே, சீனாவுக்கு மாப்பிள்ளை வந்திருக்காருடோய்!”

“தாம்பூலம் மாத்திட்டுத்தேன் போவாராம்!”

சிரிப்பு எழுந்தது, அடுத்த நொடியே அது கூச்சலாயிற்று. இருவர் மேடையை நோக்கிப் பாய்ந்தனர். நான் பேராசிரியருக்கு முன்னே போய் நின்றேன். அப்போது அந்த உழவர் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“ஏலே, ஒக்காருங்கடா! ஒங்க வீட்டுல எவன் பட்டாளத்துல இருக்கான்? எம் மகன் இருக்கான். நான் கேக்க வேண்டியதக் கேட்டுட்டுப் போறேன். பெறகு கல்லெறிங்க, கட்டையெறிங்க, என்னமும் செய்யுங்க.”

பாய்ந்தவர்கள் நின்றார்கள். அவர் மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

“அய்யா, நட்பெல்லாம் கெடக்கட்டும். அந்த மலை எப்பிடியிருக்கும்? அதைச் சொல்லுங்க.”

பேராசிரியர் ஒருமுறை அம்மலைப்பகுதிக்குச் சென்று வந்தவர். எழுதி வந்த உரையை மேசைமேல் வைத்துவிட்டு, பனியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே மூச்சு முட்டும் என்றார். சற்றே நடந்தாலும் நின்று இளைப்பாற வேண்டும் என்றார். உயரம் ஏற ஏறச் சோறு வேகாது என்று அவர் சொன்னபோது, பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அப்ப பிள்ளைக என்னத்தத் திங்கும்?”

உழவர் அப்போதும் உட்காரவில்லை.

“அங்கனருந்து தபால் எப்ப வரும்?”

“எனக்குத் தெரியாது, ஐயா” என்று பேராசிரியர் ஒலிவாங்கியிலேயே சொன்னார்.

கல் விழவில்லை. கூட்டம் ஓசையின்றிக் கலைந்தது. நன்றி கூற வேண்டியவன் நான்; நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினேன்.

அடுத்த திங்களும் அவர் வந்தார். ஆப்பிரிக்காவின் புதிய நாடுகளைப் பற்றிய உரை அது. அதற்கடுத்த திங்கள் சூயசுக் கால்வாயைப் பற்றியது, அதற்கும் வந்தார். வெளிநாட்டுச் செய்தி பேசும் இடத்தில் என்றைக்காவது தம் மகனைப் பற்றிய செய்தியும் வரும் என்று நம்பினார் போலும். தைத் திங்கள் கூட்டத்தில் அவருடைய இடம் வெறிச்சோடிக் கிடந்தது. அன்று பேசியவர் என்ன பேசினார் என்பது என் காதில் ஏறவேயில்லை.

மறுநாளே பேருந்து ஏறி, விசாரித்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். வயலில் குனிந்து கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து கேட்க எனக்கு அச்சம். அவரே நிமிர்ந்தார்.

“கடுதாசி வந்துருச்சுய்யா. கால் விரலு ரெண்டு பனியில போச்சாம். ஆளு இருக்கான்.” முகம் கொள்ளாத சிரிப்பு. “இனி எனக்கெதுக்குய்யா ஆப்பிரிக்கா? இங்கன அறுப்பு கெடக்கு.”

அதன்பிறகு அவர் எங்கள் கூட்டத்துக்கு வரவேயில்லை. கேட்பவர் ஒருவரை இழந்ததற்காக நான் மகிழ்ந்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். ஆயினும் நாளிதழில் ‘எல்லையில் பதற்றம்’ என்ற சொற்களைக் காணும்போதெல்லாம், அது இப்போது எந்த வீட்டுத் தபாலை நிறுத்தி வைத்திருக்கிறதோ என்ற கலக்கம் இன்றளவும் என்னை அமைதியாக அமரவிடுவதில்லை.