புளி போட்டுத் துலக்கிய மீட்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் வரதன் சார் வீட்டு மாடி அறையில் நின்றுகொண்டு, பினாங்கில் இருக்கும் ஒரு மனிதர் ரேடியோவில் கெஞ்சுவதைக் கேட்டேன். "அண்ணா, கோபம்னா கோபம்னு சொல்லிடு. இப்படிப் பேசாம மட்டும் இருக்காதே." வரதன் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அந்தப் பக்கம் அது போய்ச் சேரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு ரேடியோ கடையில் நான் மெக்கானிக். கடையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, அந்தத் திமிரும் எனக்கு நிறைய உண்டு. வரதன் சார் ரயில்வே டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தவர். முறைப்படி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் ஹாம். பினாங்கிலிருந்த அவர் தம்பி ராமுவும் ஹாம்தான். வாரா வாரம் இருவரும் பேசிக்கொள்வார்கள். ஒரு வாரம் அப்பா வீட்டுப் பாகத்தைப் பற்றிப் பேச்சு வந்து வார்த்தை தடித்துவிட்டது. அதற்கடுத்த நாளே சாரின் ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, செட் எங்கள் கடைக்கு வந்தது.

கடையில் நடந்தது

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி முடித்தபோது ஆயுத பூஜை வந்தது. அன்று கடையில் ஸ்க்ரூ டிரைவர் முதல் சால்டரிங் அயர்ன் வரை எல்லாம் பளபளக்க வேண்டும். சாரின் செட்டில், வால்வுகள் இழுக்கும் கரண்டைக் காட்டும் பிளேட் கரண்ட் மீட்டருக்குப் பின்னால் பித்தளை முனைகள் கறுத்துக் கிடந்தன. குத்துவிளக்குக்கு வைத்திருந்த புளியை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்தேன். செட்டை வாங்க வந்த சார், "புதுசு மாதிரி இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் பிரசவத்துக்காக சார் கும்பகோணம் போய்விட்டார். ஐப்பசி மழை முழுக்க செட் பூட்டின அறையில் கிடந்தது. திரும்பி வந்து ஆன் செய்தால், தம்பி பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கிறது, இவர் பேசுவது அங்கே கேட்கவில்லை. சண்டைக்குப் பிறகு அண்ணன் வாயை மூடிக்கொண்டார் என்றே தம்பி நினைத்தார். "செட் ரிப்பேர்னு ஏர்மெயில் போட்டேன். சாக்குன்னு நினைக்கறானோ என்னமோ" என்றார் சார்.

சிவப்புக் கோடு

லைசென்ஸில் இத்தனை வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. அதைக் கணக்குப் போட்டு, மீட்டர் கண்ணாடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார் சார். முள் அதைத் தாண்ட விடமாட்டார். இப்போது டிரைவை, அதாவது அனுப்பும் பலத்தை, கொஞ்சம் கூட்டினாலே முள் கோட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் வெளியே போகும் பலத்தைப் பார்க்க ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிய பல்பு அழுது வடிகிறது.

இரண்டு 807 வால்வுகளையும் மாற்றினேன். பயாஸ் பார்த்தேன், கண்டென்சர் லீக் பார்த்தேன். ரீடிங் அப்படியே இருந்தது. சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாணிக்கம், மீட்டரை ஒரு தடவை பார்த்துடலாமா?"

"அதுல கை வைக்காதீங்க சார். நான் பார்த்துதான் குடுத்திருக்கேன்."

அதோடு நிறுத்தினேனா? கோட்டைத் தாண்டிக் கூட்டுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கின லைசென்ஸ் என்றார். அப்படியென்றால் உங்கள் தம்பியின் ரிசீவர்தான் மட்டம் என்று சொல்லிவிட்டு டூல் பெட்டியை மூடினேன். அந்த நேரத்தில்தான் ஸ்பீக்கரில் அந்தக் கெஞ்சல். கடைசியாக, "அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை கூப்பிடறேன். அதோட விட்டுடறேன்ணா" என்று சொல்லி அது அடங்கியது. சார் மைக்கைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

வாரம் முழுக்க யோசித்ததில், நான் பார்க்காமல் விட்டது அந்த மீட்டர் ஒன்றுதான் என்று பட்டது. சனிக்கிழமை கடை மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு போய், பேனல் மீட்டரோடு தொடராகப் போட்டேன். பேனல் மீட்டர் இருநூறு மில்லி ஆம்பியர் என்றது. மல்டிமீட்டர் எழுபது என்றது.

பின்பக்கம் கழற்றினேன். மீட்டரின் பக்கத்தில் ஷண்ட் என்று ஒரு பட்டை இருக்கும். கரண்டின் பெரும்பகுதி அதன் வழியே போகும், மீட்டருக்குள் கொஞ்சம்தான் போகும். ஷண்ட்டின் நட்டுக்கு அடியில் பச்சைப் பசேலென்று களிம்பு. புளி போட்டு, சரியாகக் கழுவாமல் விட்ட பித்தளைச் செம்பில் பிடிக்குமே, அதேதான். ஷண்ட் வழி அடைபட, கரண்ட் மீட்டருக்குள் கூடுதலாகப் புகுந்து முள்ளை ஏற்றியிருக்கிறது. பொய்யான ரீடிங்குக்குப் பயந்து, அந்த யோக்கியமான மனிதர் தன் குரலைத் தானே குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன் நான்.

சார் பக்கத்திலேயே நின்று பார்த்தார். "இது என்ன, புளியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். உப்புத்தாள் எடுத்துக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. களிம்பைத் தேய்த்து எடுத்து நட்டை இறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் முள் சிவப்புக் கோட்டில் நின்றது, பல்பு கண்ணைக் கூச வைத்தது. பல்பைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டியதும் தம்பி கூப்பிட்டார். சார், "ராமு, நான் பேசறேன்டா" என்றார். அந்தப் பக்கமிருந்து "அண்ணா" என்று ஒரு அழுகை. எல்லாம் பேசி முடித்த பிறகு என்ன கோளாறு என்று கேட்டார் தம்பி.

"புளி போட்டுத் தேய்ச்சது நான்தான்னு சொல்லிடுங்க சார்" என்றேன். லைசென்ஸ் இல்லாதவன் மைக்கில் பேசக் கூடாது. என் தப்பைச் சொல்லக்கூட எனக்கு அவர் வாய் வேண்டியிருந்தது.

சார் என்னைப் பார்த்துவிட்டு சுவிட்சை அழுத்தினார். "மீட்டர்ல களிம்பு, ராமு. நம்ம மெக்கானிக்தான் கண்டுபிடிச்சார். இங்கதான் நிக்கறார்."

"அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு" என்றது பினாங்கு.



இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரீடிங் இடித்தால், கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று முதலில் கேளுங்கள். நான்தான் என்று பதில் வந்தால், வால்வையும் வாடிக்கையாளரையும் விட்டுவிட்டு அங்கே கழற்றுங்கள். ஆயுத பூஜைக்கு நான் மீட்டருக்குப் பொட்டு வைப்பதோடு சரி. வைக்கும்போதெல்லாம் அந்த நமஸ்காரம் நினைவுக்கு வந்து இப்போதும் கை கூசுகிறது.