அம்மாவின் வருத்தத்துக்கு லீவு இல்லை

அறுபதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சிக் குடியேற்றத்தில் நெல் அரிவு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அந்த நாட்களில் அயலில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. கிழடுகட்டைகள்கூட வயலில்தான். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். என் ஆசிரியச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலையை விட்டால் பட்டினி. வேலைக்குப் போனால் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

தலைமை ஆசிரியரிடம் லீவு கேட்டேன்.

“உங்களுக்கு நோய் வருத்தம் எண்டால் தரலாம் ரீச்சர். அம்மான்ரை வருத்தத்துக்குச் சட்டத்திலை இடமில்லை.”

“அப்ப அவாவை ஆர் சேர் பாக்கிறது?”

அவர் மேசையைப் பார்த்தார். “உங்களுக்குக் காய்ச்சல் எண்டு எழுதித் தாங்கோவன். நான் ஒண்டும் கேக்கமாட்டன்.”

நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய மகராசனின் வீட்டில், படுக்கையில் கிடந்தவர்களைப் பார்க்கச் சம்பளமில்லாமல் ஒரு பெண் இருந்திருப்பாள்.

எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். தலைமை ஆசிரியரும் நானும் ஒன்றை மறந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பார்க்கப் போயே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஆசிரியர்கள் எல்லாரும் நோயாளிக்குத் தின்னக் கொடுக்கப் பாணும் தோடம்பழமுமாகச் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தட்ட முடியாமல் தலைமை ஆசிரியரும் கூடவே வந்தார். நான் அவசரமாக விறாந்தையில் பாயை விரித்துப் போர்த்துக்கொண்டு படுத்தேன். வெயில் கொளுத்தியது.

உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைச் சுற்றி உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார்கள். கதை நீண்டது. அம்மா விழித்துவிட்டார்.

“பிள்ளை, ஒருக்கா வா. அவசரம்.”

நான் எழும்பப் போனேன்.

“படுங்கோ ரீச்சர், காய்ச்சலோடை எழும்பக்கூடாது” என்றார் தலைமை ஆசிரியர். கண்ணால் கெஞ்சினார். பொய் வெளிப்பட்டால் அவருடைய வேலையும் போகும்.

மூத்த ஆசிரியை ஒருவர் உதவப் புறப்பட்டார். பிறத்தியார் கை பட அம்மா உயிர் போனாலும் சம்மதியார்.

“விடுங்கோ அக்கா, அவா நித்திரையிலை புலம்புறா” என்றேன்.

அம்மா பிறகு கூப்பிடவில்லை. சொந்த வீட்டில் என்னைக் கட்டிப் போட்டதுபோல இருந்தது. போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அவர்கள் போனதும் ஓடினேன். அம்மா நனைந்த பாயில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். துடைத்துச் சேலை மாற்றினேன். அழுதது நான்தான்.

“ஆக்கள் இருந்தது தெரியாமல் கூப்பிட்டிட்டன் பிள்ளை. உன்ரை வேலைக்கு ஒண்டும் வராதே?”

“வராதம்மா.”

வரவுமில்லை. ஆனால் அதன் பிறகு, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த நேரங்களிலும், நானாகப் போய்ப் பார்க்கும்வரை அம்மா என்னைக் கூப்பிடாமலே கிடந்தார்.